சித்தியின் எடை நோட்டு

அன்றைய பேச்சு கல்லுளிக்கு வரிசை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

பல் டாக்டர் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க, வாசலிலேயே நின்று கதவின் தாழ்ப்பாளைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“படகுக்குப் புதுப் பாய் வேணும்மா. போன வருஷத்துப் பாயை விட வேகமா ஓடணும்.”

“தச்சிடலாம் டாக்டர். உங்க எடை?”

“எழுபத்தெட்டு.”

சித்தி உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள். அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தாள்.

“எந்த வருஷத்து எழுபத்தெட்டு?”

“என்னம்மா கிண்டலா? போன வாரம்தான் பாத்தேன். வீட்டு மெஷின்ல.”

“ரெண்டு காலையும் வச்சா?”

“நான் டாக்டர்மா. எனக்கு எடை பாக்கத் தெரியாதா?”

“பல்லுக்குத்தானே டாக்டர்.”

டாக்டர் அதைக் காதில் வாங்காமல் கல்லுளியின் பக்கம் திரும்பினார். “நீ எழுதிக்கம்மா. எழுபத்தெட்டு.”

கல்லுளி, பாயைப் போட்டுக் கொடுக்கும் பையில் ஒட்டுகிற சீட்டில் 78 என்று எழுதினாள். டாக்டர் அதை எட்டிப் பார்த்து, எட்டு எட்டு மாதிரி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு போனார். அவருடைய செருப்புச் சத்தம் தெருவில் கரைந்ததும் சித்தி சொன்னாள்.

“நோட்டுல தொண்ணூத்தாறு போடு.”

“பைல?”

“பைல அவர் சொன்னதே இருக்கட்டும். ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் படியேறி வந்து ஆசையா ஒரு பொய் சொல்றார். அதை நாம ஏன்டி கெடுக்கணும்?”

கல்லுளி சித்தியின் அக்கா மகள். அதிகம் பேசமாட்டாள் என்பதால் சித்தி வைத்த பெயர் கல்லுளிமங்கி. தினமும் கூப்பிட நீளமாக இருந்ததால் அது பாதியாகக் குறைந்தது. பகலில் ஓர் அலுவலகத்தில் கடிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் சித்தியின் தையல் அறையில் அளவு எழுதுவாள்.

அந்த அறை ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. மருந்துக் கடை வாசலில் ஓர் எடை மெஷின் உண்டு. ஏரிக்கரைப் படகு கிளப்பின் ஆண்கள் பாய் தைக்கச் சொல்ல வரும்போது, அந்த மெஷின் ஏதோ கடிக்கிற நாய் என்பதுபோல் எதிர்ப்பக்கம் போய், தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து படியேறுவார்கள்.

சித்தி தையலைத் தொடங்கியது பதினேழு வயதில், ஒரு சட்டைத் தொழிற்சாலையில். நான்கு வருடம் சட்டைகளின் இடது கையை மட்டும் தைத்தாள். வலது கை தைத்தவள் அடுத்த வரிசையில் இருந்தாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “அந்தச் சட்டையெல்லாம் போட்டவன் எப்படித்தான் கைகூப்பினானோ” என்பாள் சித்தி. அங்கிருந்து வெளியே வந்து காவலாளிகளுக்கும் பஸ் டிரைவர்களுக்கும் சீருடை தைக்க ஆரம்பித்தபோதுதான் ஆண்களின் இடுப்பைப் பற்றிய உண்மை அவளுக்குத் தெரிந்தது. முப்பத்துநாலு என்று சொல்பவன் முப்பத்தெட்டு. சித்தி முப்பத்தெட்டுக்கு வெட்டி, முப்பத்துநாலு என்று துணிச்சீட்டு வைத்துத் தைத்துவிடுவாள். ஒருவனும் திரும்பி வந்து அளவு தப்பு என்று சொன்னதில்லை. இரண்டு வருடம் கழித்து வந்து, “அதே முப்பத்துநாலு போடுங்கக்கா, நான் மாறவே இல்ல” என்பான்.

பாய் தைக்க வந்தது சித்தப்பாவால். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளி வேண்டியிருந்தது. பின்பக்கக் கொட்டகையில் பிளைவுட்டை வளைத்து, பசை போட்டு, வீட்டிலுள்ள எல்லாக் கிளிப்பையும் எடுத்துப் பலகையில் மாட்டி, பதினோரடிப் படகு ஒன்று கட்டினார். துணி காயப்போடக் கிளிப் இல்லாமல் மூன்று மாதம் சித்தி பொறுத்துக்கொண்டாள். கடைசியில் அவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் ஒரு முக்கோணம் இருந்தது.

“இதை அப்படியே தச்சுக் குடு.”

“தட்டையா தச்சா எந்த உடம்புக்கும் நிக்காதுங்க.”

“இது உடம்பு இல்லடி, காத்து.”

தைத்துக் கொடுத்தாள். படகு ஏரியில் கழற்றிப் போட்ட கதவு மாதிரி மிதந்தது. ஒரு வாத்து அதை முந்திக்கொண்டு போனதைச் சித்தப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சித்தி அந்தப் பாயைப் பிரித்து, தரையில் விரித்து, மேலே மண்டியிட்டு யோசித்தாள். கவுனுக்கு மார்புப் பக்கம் துணியைப் பிடித்துத் தைப்பதுபோல், ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் லேசாக வளைத்து வெட்டிச் சேர்த்தாள். பாய்க்குத் தொப்பை வந்தது. அந்தத் தொப்பையில் காற்று உட்கார்ந்தது. அடுத்த ஞாயிறு வாத்து பின்னால் நின்றது. ஒரு வருடத்துக்குள் கிளப்பில் பாதிப் பேர் இந்தப் படியேறினார்கள்.

எடை கேட்கிற பழக்கம் கல்லுளியால் வந்தது. பாய் அளவுகள் பற்றிய ஒரு கையேட்டை அவள் சித்திக்கு வாய்விட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவரின் எடையைக் கேள் என்று அதில் இருந்தது. சித்தி முதலில் சிரித்தாள். அப்புறம் புரிந்தது. காற்று பாயை ஒரு பக்கம் தள்ளும், படகு சாயும், ஓட்டுகிறவர் மறுபக்கம் உடம்பை வெளியே நீட்டி அதை நிமிர்த்த வேண்டும். கனமான ஆளுக்குத் தொப்பை பெரிதாக வைக்கலாம், தாங்குவான். லேசான ஆளுக்கு அதே பாயைக் கொடுத்தால் பாய் அவனைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடும்.

“அடிப்பாவி, சீருடையில பொய் சொன்னா பட்டன்தான் போகும். இதுல ஆளே போயிடுவான்” என்றாள் சித்தி. அன்றிலிருந்து நோட்டு. பையில் அவர்கள் சொன்னது, நோட்டில் சித்தி கண்ணால் நிறுத்தது. பதினோரு பேரின் உண்மை அந்த நோட்டில் இருந்தது. ஒருவருடைய மனைவிக்குக்கூடத் தெரியாது.

தொண்ணூற்றாறுக்கு வெட்டிய பாயில் டாக்டர் இரண்டு வருடம் கோப்பை வாங்கினார். கிளப்பின் செயலாளரும் அவர்தான் என்பதால் கோப்பையைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டு, எடையைக் கட்டுக்குள் வைப்பது பற்றிக் கொஞ்சம் பேசவும் செய்தார். மூன்றாவது வருடம் புதுப் பாய்க்குச் சொல்லிவிட்டுப் பழையதை விற்றார். வாங்கியவர் தபால்காரர்.

தபால்காரர் கிளப்புக்குப் புதிது. சித்தப்பாவிடம் பலகை வளைக்கும் அச்சை இரவல் வாங்கி, பதினான்கு மாதம் விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்து, தன் படகைத் தானே கட்டியவர். பொய் சொல்லத் தெரியாதவர். பையில் 78 என்று பார்த்ததும் நேரே மருந்துக் கடைக்குப் போய், ஊரறிய எடை மெஷினில் ஏறி நின்றார். சரியாக எழுபத்தெட்டு. “எனக்குன்னே தச்ச மாதிரி இருக்கு” என்று சந்தோஷமாகத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

முதல் காற்று நாளில் மூன்று தடவை கவிழ்ந்தார். மூன்றாவது தடவை பாயின் கீழோரத்தைப் பிடித்திருக்கும் கட்டை நெற்றியில் பட்டு, மிதவைச் சட்டை இருந்ததால் பிழைத்தார்.

செய்தி கேட்டதும் சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“சட்டையை எவனும் அடுத்தவனுக்கு விக்கமாட்டான்டி,” என்றாள். “பாயை விப்பாங்கன்னு எனக்கு ஏன் தோணல?”

மறு ஞாயிறு கிளப்பில் கூட்டம். நீளமான அறை, மடக்கு நாற்காலிகள், சுவரில் ஆணிகளில் வரிசையாக மிதவைச் சட்டைகள். சித்தி, சித்தப்பா, கல்லுளி மூவரும் ஓரமாக உட்கார்ந்தார்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடு தபால்காரர் எழுந்தார்.

“அக்கா மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ஆனா பைல எழுபத்தெட்டுனு போட்டிருக்கு. நானும் எழுபத்தெட்டு. அப்புறம் ஏன் என்னை மூணு தடவை கவுத்துச்சு? தையல் தப்பா, இல்ல நான்தான் படகைத் தப்பா கட்டிட்டேனா? அதை மட்டும் சொல்லிடுங்க. பதினாலு மாசம் கட்டினேன்.”

டாக்டர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு மின்விசிறி இருந்தது. அவர் ஆராய்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. “தையல்ல சில சமயம் முன்னப்பின்ன ஆகும்தான்,” என்றார். “யாரையும் குத்தம் சொல்லல. பாதுகாப்புன்னு வரும்போது இனிமே கம்பெனிப் பாய் மட்டும்தான்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம்.”

சித்தியின் கழுத்து சிவந்ததைக் கல்லுளி பார்த்தாள். ஆறு வருடமாக மண்டியிட்டுத் தைத்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். கல்லுளியின் கைப்பையில் நோட்டு இருந்தது. அவள் எழுந்தாள். அந்தக் கிளப்பில் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

“நோட்டு இருக்கு,” என்றாள்.

“என்ன நோட்டு?” என்றார் டாக்டர்.

“நிஜ எடை நோட்டு. எல்லாருக்கும் ஒரு பக்கம்.”

அறையில் ஒரு சத்தம் கேட்டது. பதினோரு ஆண்கள் ஒரே நேரத்தில் வயிற்றை உள்ளிழுக்கும் சத்தம் அது. பின்வரிசையில் ஒருவர், “எதுக்குங்க அதெல்லாம், அக்கா தையல்ல என்னிக்குக் குறை இருந்துச்சு?” என்றார். இன்னொருவர் கூட்டத்தையே முடித்துவிடலாம் என்றார்.

“திறங்கக்கா,” என்றார் தபால்காரர் அப்பாவியாக. “எடையில மறைக்க என்ன இருக்கு?”

சித்தி எழுந்து வந்து கல்லுளியின் கைப்பை ஜிப்பை இழுத்து மூடினாள். “இது என்கிட்ட நம்பி அளவு குடுத்தவங்க சமாச்சாரம். நான் சாகற வரைக்கும் திறக்கமாட்டேன்.” பிறகு தபால்காரரிடம், “தம்பி, உங்க படகுல தப்பில்ல. என் பாய்லயும் தப்பில்ல. சீட்டுலதான் தப்பு, அது நான் பண்ணினது. நம்பலேன்னா படகைக் குடுங்க, ஓட்டிக் காட்டறேன்.”

“நீங்களா? உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

தெரியும். தைத்த ஒவ்வொரு பாயையும் கிளப்பில் ஆளில்லாத வார நாள் காலையில் சித்தப்பாவின் படகில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். அது வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். யாரும் பார்க்க ஓட்டக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். ஏனென்று கல்லுளி ஒருநாளும் கேட்டதில்லை.

“வேணாம்டி, விட்டுடு,” என்றார் சித்தப்பா மெதுவாக. அவருக்குக் காரணம் தெரிந்திருந்தது.

சித்தி சுவரோரம் போனாள். ஒரு மிதவைச் சட்டையை எடுத்தாள், கொக்கி எட்டவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவது, மேலே பெரிய எழுத்தில் ‘செயலாளர்’ என்று எழுதியிருந்தது. அது அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக மாட்டிக்கொண்டது. அறை முழுவதும் அந்தச் சட்டையைப் பார்த்தது. பிறகு டாக்டரைப் பார்த்தது. டாக்டர் மறுபடியும் மின்விசிறிக்குப் போனார்.

ஏரியில் நல்ல காற்று. தபால்காரரைக் கவிழ்த்த அதே மாதிரிக் காற்று. சித்தி கால்சராயை முழங்கால் வரை மடித்துவிட்டு ஏறினாள். படகு ஒருமுறை ‘ஐயோ’ என்பதுபோல் அமிழ்ந்து எழுந்தது. கரையில் யாரோ செருமினார்கள். பாய் விம்மியது; படகு சாயப் பார்த்தது. சித்தி விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குறுக்குப் பட்டையில் மாட்டி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே நீட்டினாள். படகு நிமிர்ந்தது. நிமிர்ந்து, கத்தரி துணியில் போவதுபோல் ஏரியைக் கிழித்துக்கொண்டு போனது. ஏரியின் நடுவில் திரும்பி, அதே வேகத்தில் வந்து கரையில் நின்றது.

தபால்காரர் மனக்கணக்கில் கெட்டிக்காரர் இல்லை, ஆனாலும் போட்டுவிட்டார். “அப்போ இந்தப் பாய்க்கு எழுபத்தெட்டு போதாது. உங்களை மாதிரி ஒரு…” அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

“ஆமா தம்பி. என்னை மாதிரி ஒரு ஆள் வேணும்,” என்றாள் சித்தி, தண்ணீர் தெறித்து நனைந்த முடியைப் பிழிந்துகொண்டே. எல்லார் முன்னாலும் சொன்னாள். “உங்களுக்கு வேற தச்சுத் தரேன். இனிமே பைல நம்பரே கிடையாது.”

“பாயில தப்பில்லன்னு எல்லாரும் பாத்துட்டோம். தீர்மானம் எதுவும் இல்ல,” என்று டாக்டர் அவசரமாகக் கூட்டத்தை முடித்துவைத்தார். போகும்போது தபால்காரரைத் தோளோடு அணைத்து, அவருடைய கடவாய்ப்பல்லை ஒருநாள் வந்து காட்டும்படி சொன்னார். தபால்காரர் பல்வலி என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் தன் புதுப் பாய்க்காகப் படியேறி வந்தபோது, சித்தி எடை கேட்டாள். எழுபத்தெட்டு என்றார். கல்லுளி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் சித்தி மருந்துக் கடை எடை மெஷினில் ஏறினாள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கல்லுளி பக்கத்தில் நின்று முள் தொண்ணூற்றுநான்கில் நின்றதைப் பார்த்தாள். சித்தியும் பார்த்தாள். இறங்கி மாடிக்கு வந்து, மேசைமேல் இருந்த நோட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

“கல்லுளி, எனக்கும் ஒரு பக்கம் போடு. எனக்குன்னு ஒரு பாய் தச்சுக்கப் போறேன். இனிமே ஞாயித்துக்கிழமையே ஓட்டப் போறேன்.”

கல்லுளி பேனாவைத் திறந்து, மேலே ‘சித்தி’ என்று எழுதினாள்.

“எடை, அறுபத்திரண்டுனு எழுதுடி. சித்திக்காக.”

கல்லுளி சித்தியைப் பார்த்தாள்.

“பைலதான் இனிமே நம்பர் இல்லையே சித்தி.”

“அதான். நோட்டுல எழுது.”