பனியன் பெட்டி மேல் இருக்கும் பாப்பா

நல்லூரில் எங்கள் வீடும் கம்பெனியும் ஒரே கட்டடம். கீழே கம்பெனி, மேலே நாங்கள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் தையல் மிஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், பின்பக்கம் பேக்கிங், அவ்வளவுதான். ஆண்கள் போடும் வெள்ளைப் பனியன் தைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கி வடக்கே அனுப்புவார் அப்பா. பெட்டியின் மேல் குலதெய்வத்தின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ஒரு குழந்தையின் படம். கவுன் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து நின்றுகொண்டு, இருக்கிற இரண்டு பல்லையும் காட்டிச் சிரிக்கும்.

அந்தக் குழந்தை நான் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. பெட்டியைப் பார்ப்பவர்கள் என்னையும் பார்த்துவிட்டு, "பாப்பாங்களா இது?" என்பார்கள். அப்பா "ஆமாங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பனியன் பாப்பா என்று பெயர். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் டீக்கடையில் சில்லறை போடவும், டெய்லர் கடையில் பட்டன் போடவும் காலிப் பெட்டியாக என் முகம் உதவுகிறது என்பதில் உள்ளூரக் கொஞ்சம் கெத்தும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் ஹிஸ்டரி ப்ராஜெக்ட் வந்தது. மிஸ் அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்திருந்தார், தெற்கத்திக்காரர். தலைப்பை நாங்களே தேட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாதி வகுப்பு அவிநாசிக் கோயிலை எழுதிக்கொண்டு போனது. மீதிப் பாதி நொய்யல் ஆற்றை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். "போனைத் தட்டினா வர்றதெல்லாம் தலைப்பு இல்ல. தலைப்பைக் கேள்வியா எழுதணும். அதுக்குப் பதில் உங்களுக்கே தெரியக்கூடாது. வீட்டுக்கு வெளியில ஒருத்தர்கிட்டயாவது போய்ப் பேசிட்டு வரணும்" என்றார்.

எனக்கு உழைக்கப் பிடிக்காது, மார்க் மட்டும் பிடிக்கும். அதனால் பதில் தெரிந்த கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, "இந்தக் குழந்தை யார்?" என்பதுதான் என் தலைப்பு என்றேன். பெட்டிகளில் ஏன் குழந்தை, சாமி, மயில் படமெல்லாம் போடுகிறார்கள் என்று நாலு பக்கம் ஓட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் என் போட்டோவை ஒட்டி அசத்திவிடலாம் என்பது திட்டம்.

"உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார் மிஸ்.

"தெரியாதுங்க மிஸ்" என்றேன். பின்பெஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

யாரிடம் போய்ப் பேசுவது என்று அப்பாவிடம் கேட்டேன். காதர்பேட்டையில் எங்கள் சரக்கை ஆரம்பத்திலிருந்து வாங்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேள் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா தெரிந்தேதான் அனுப்பினாரோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்டதில்லை. சனிக்கிழமை பைக்கில் கொண்டுபோய்க் கடை வாசலில் இறக்கிவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கடையில் தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். ஒரு வரிசை முழுக்க எங்கள் லேபிள். கடைக்காரர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நான் பெட்டியைக் காட்டித் தலைப்பைச் சொன்னதும் அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"எழுதோணும் கண்ணு. யாராச்சு எழுதத்தான் வேணும். உங்கக்கா போனப்ப நாங்க நாலஞ்சு பேரு கடையச் சாத்திப்போட்டு வந்திருந்தோம்" என்றார்.

ஆள் மாற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன். "எனக்கு அக்கா இல்லீங்களே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு காலி டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்துக் குடித்தார்.

வாயை விட்டுவிட்டார், இனி விழுங்கவும் முடியாது. தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். அக்காவின் முதல் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. சாமி பெயரையே அவளுக்கும் வைத்து, அவள் படத்தோடு லேபிளை ஆரம்பித்திருக்கிறார் அப்பா. சரக்கு பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. மூன்று வயது முடிவதற்குள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

"அப்பறம் உங்கப்பனால அந்தப் பெட்டியப் பாக்க முடியலீங்க கண்ணு. படத்த எடுத்துப்போட்டு ரோஜாப்பூ போட்டு ஒரு லோடு அனுப்புனாரு. வடக்க இருக்கறவங்களுக்கு நம்ம எழுத்தா தெரியும்? படத்தப் பாத்துத்தான் வாங்குவாங்க. பாப்பா இல்லாத பொட்டி டூப்ளிகேட்டுன்னு லோடு அப்படியே திரும்பி வந்துருச்சு. நானும்தான் சொன்னேன், பாப்பாவயே போடுங்கன்னு. தொழிலு பாருங்க, வேற வழியில்ல."

வெளியே வந்தபோது ஒரு டெம்போவில் எங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுக்கடுக்காக அத்தனை சிரிப்பு. பார்க்க முடியாமல் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அப்பா வந்தார், ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பயமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதுவரை பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே பார்த்தேன். இப்போது அவள் என்னைப் பார்த்தாள். படிக்கட்டில், பேக்கிங்கில், என் பென்சில்கள் கிடக்கும் பெட்டியில், அடுப்படியில் கடுகு மிளகு பொட்டலங்கள் வைத்திருக்கும் பெட்டியில். பேக்கிங்கில் வேலை செய்யும் ஒடிசா அக்கா பெட்டியையும் என்னையும் மாறி மாறிக் காட்டி, "ஸேம், ஸேம்" என்று எப்போதும்போலச் சிரித்தபோது மேலே ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

தலைப்பை மாற்றித் தரச் சொல்லி மிஸ்ஸிடம் கெஞ்சினேன். "பதில் கிடைச்சிருச்சா?" என்றார். தலையாட்டினேன். "அப்ப மாத்தாத. பாதியில விடுறதுக்கா தலைப்பு எடுக்குறது?" என்று அனுப்பிவிட்டார். அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அம்மா கீழே தனியாக உட்கார்ந்து தட்டையாக வந்த அட்டைகளைப் பெட்டிகளாக மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"இது நான் இல்லீன்னு தெரியுமுங்கம்மா" என்றேன்.

அம்மாவின் கை நிற்கவில்லை. கையிலிருந்த பெட்டியை மடித்து முடித்துவிட்டு, "யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அவ போனதும் சொந்தக்காரங்க எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. துணிமணி, சொப்பு சாமான், போட்டோ, ஒண்ணு விடல. கண்ணுல பட்டா நான் அழுதுட்டே இருப்பேன்னு. பொட்டி அடிக்கற அச்சாபீஸ்ல இருந்ததுதான் மிச்சம். ரோஜாப்பூ போட்ட லோடு திரும்பி வந்தப்ப உங்கப்பா தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. எனக்குச் சந்தோசம், கண்ணு. சாமிதான் திருப்பி அனுப்புச்சுன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை. அத்தனை வருடம் பூட்டி வைத்தது மொத்தமும் வந்தது. மிஷின் சத்தம் நின்றால் அக்கா விழித்துக்கொள்வாளாம். குப்புறப் படுத்தால்தான் தூங்குவாளாம். பருப்புச் சோற்றில் நெய் இல்லையென்றால் துப்பிவிடுவாளாம். அப்பாவின் சட்டைப் பையில் வெட்டுத்துணியைத் திணித்து வைப்பாளாம். இடது காதில் தோடு குத்தும்போது அழாமல் வலது காதுக்கு ஊரையே கூட்டினாளாம். சொல்லும்போது அம்மாவின் முகம் எனக்குத் தெரியாத ஒரு சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது.

எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதினேன். பெயர் போடாமல், முதலாளியின் மூத்த மகள் என்று எழுதினேன். நல்ல மார்க் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதன் பிறகு நடந்ததை மட்டும் ப்ராஜெக்டில் எழுதவில்லை.

என் குழந்தைப் போட்டோ எங்கே என்று கேட்டேன். கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது, பள்ளிக்கூடத்தில் சேரும்முன் எடுத்த படம் ஒன்றையும் நான் பார்த்ததே இல்லை.

"எடுக்கலீங் கண்ணு. அவ படம் ஊரெல்லாம் போச்சு, கண்டவங்க கண்ணும் பட்டுருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. உன்னைப் படமே புடிக்க வேண்டாம்னுட்டாங்க."

அப்படியானால் எனக்குக் குழந்தை முகமே இல்லை. பதினான்கு வயதுவரை அவளுடையதை வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். வந்தது கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

"அப்ப நான் எப்படிங்கம்மா இருந்தேன்? சின்னதுல?"

அம்மா உடனே சிரித்தாள். "நீயா? நீ குப்புறப் படுத்தாத்தான்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "இல்ல, அது அவ" என்றாள். என் முகத்தையே பார்த்தாள். "உனக்கு நெய்யி..." என்றாள். அதையும் விட்டுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன். சின்னதாக ஏதாவது ஒன்று, என்னுடையதாக ஒன்று வந்தால் போதும் என்றிருந்தது.

வரவில்லை. அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அக்காவைப் பற்றி அவ்வளவு சொன்னபோதும் கலங்காத கண், அப்போது நிறைந்து வழிந்தது.