மீனம்பாக்கம் வரை எத்தனை மணி நேரம்?

"அந்தப் பொண்ணு வாயத் தொறந்தாலே ஏரோப்ளேன் லேட்டாயிடுதுய்யா."

முதலாளி பக்கத்து அறையில் யாரிடமோ போனில் சொன்னது தற்செயலாகக் காதில் விழுந்தது. அந்தப் பெண் நான்தான். எழுபதுகளில் இரண்டு வருடம், திருவள்ளூரில் விமான டிக்கெட் பதிவு செய்யும் கடையில் வேலை பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர் கேட்பது ஒன்றுதான்: "எவ்ளோ நேரம் ஆவும்?" உண்மையைச் சொன்னால் போய்விடுவார்; சொல்லாவிட்டால் விமானத்தைத் தவறவிட்டுத் திரும்பி வருவார்.

அடிக்கோல்

சுவரில் பெரிய இந்தியப் படம். முதலாளி அடிக்கோலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து, மறுமுனையைத் திருச்சிப் பக்கம் சாய்ப்பார். "பாருங்க, ரெண்டு விரக்கடை. அம்பது நிமிஷம்!" இங்கிருந்து சென்ட்ரலுக்கு ரயில், பார்க் ஸ்டேஷனுக்கு நடை, அப்புறம் மீனம்பாக்கத்துக்கு மின்சார ரயில், விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் போய் நிற்பது, எதுவும் அடிக்கோலில் வராது.

நான் பூகோளம் படித்தவள். பறப்பதற்கு முன்பே நாலு மணி நேரம் ஆகிறது என்று ஒருநாள் மெல்லச் சொன்னேன். அவர் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இதுல மீனம்பாக்கமே இல்ல. நீ எங்கேருந்து அளந்தே?"

வால்

கோயில் பட்டாச்சாரியாருக்குத் திருச்சியில் மருமகள் வளைகாப்பு. விமானம் பகல் இரண்டு மணிக்கு. பூஜையை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினால் தாராளம் என்றார் முதலாளி. நான் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் எழுதினேன்.

விமானம் போன மறுநாள் காலை பட்டாச்சாரியார் மூட்டையோடு வந்து நின்றார். முதலாளியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஏம்மா, படிச்சவ நீயும் பக்கத்துலதானே இருந்தே? நான் பார்த்தது ஏரோப்ளேனோட வாலை மட்டுந்தான்."

மூன்று வார்த்தை

அதற்குப் பிறகு நான் தலை குனியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முழு நேரத்தையும் சொன்னேன். முதலாளி போனில் புலம்பியது அப்போதுதான்.

ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எஸ்தர் ஓடி வந்தாள். காக்களூரில் ஒரு பட்டறையில் வேலை செய்பவள். திருச்சி ஆஸ்பத்திரியில் அவள் தம்பிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். கையெழுத்துப் போட அவளை விட்டால் ஆளில்லை. முதலாளி அடிக்கோலை எடுத்தார்.

"ரெண்டு மணி ஃப்ளைட்ட இனிமே பிடிக்க முடியாதும்மா," என்றேன். "எழும்பூர்ல ராத்திரி ரயில் ஏறினா விடியக்காலம் திருச்சி."

"இன்னொரு வார்த்தை பேசுனே, நாளைக்கு வேலைக்கு வராதே!"

மூன்று பேசினேன்: "நாலு மணி நேரம்."

எஸ்தர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழும்பூரு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாதேக்கா."

என்னிடமிருந்த கடை இழுப்பறைச் சாவியை முதலாளி முன்னால் வைத்தேன். எஸ்தரின் பையை வாங்கிக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். எழும்பூரில் அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன்.