வீட்டுக்கு விடும் மணி

பேத்தியின் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது தீ எச்சரிக்கை மணி காதைக் கிழித்தது. ஒருவரும் அசையவில்லை. எழுந்த என்னைப் பார்த்து, "உட்காருங்க அங்கிள், அது சும்மா கத்தும் லா" என்றார் மேசையில் ஃபைல் புரட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் கிராணி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளில் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் எஸ்டேட் பள்ளியில் எங்களுக்கு இருந்ததெல்லாம் தூணில் தொங்கிய துண்டுத் தண்டவாளம்தான். பாடம் மாற ஓர் அடி, ஓய்வுக்கு இரண்டு, வீட்டுக்கு விடக் கை ஓயும்வரை அடி; தீப்பிடித்தாலும் அதே கை ஓயும்வரை அடி என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ! ஒருநாள் காலையிலேயே சமையல் கொட்டகை எரிய, பெரிய வாத்தியார் அடித்தார், அடித்தார். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே, பால்மரக் காட்டு வழியாக ஆனந்தமாக வீடு போய்ச் சேர்ந்தோம். திடலில் வரிசையாக நிற்க வேண்டிய பிள்ளைகளைக் காணாமல், புகைக்குள் புகுந்து எங்களைத் தேடியவர், மறுநாள் இரண்டு கையிலும் கட்டோடு வந்தார்.

"ஒருத்தன்கூடவாடா புகையைப் பார்க்கல?"

"பார்த்தோம் சார். அதான் மணி அடிச்சிட்டீங்களே" என்றேன் நான்.

அந்த வாயை வைத்துக்கொண்டு இந்தக் கிராணியை என்ன கேட்பது?