கொப்புளம் இல்லாத கால்கள்

செருப்புக் கடைகளில் காட்சிக்கு வைக்கும் பிளாஸ்டிக் கால்களைச் செய்யும் ஆம்பூர்ப் பட்டறை ஒன்றில் சில மாதம் இருந்தேன். கூடான கால் சாயாமல் நிற்க, உள்ளே சிமெண்ட் கலவை ஊற்றுவோம். நான் ஊற்றியவை கலவையின் சூட்டில் இளகி, கணுக்காலில் கொப்புளமாக உப்பிவிடும். பக்கத்து மேஜைக்காரர் ஊற்றியவை வழவழவென்று இருக்கும். குட்டையான மனிதர். ஊற்றிய காலைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார்; அதனால் காதோரம் எப்போதும் சிமெண்ட் ஒட்டியிருக்கும். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தக் காதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "கலவைல இன்னா போடுறீங்கண்ணே?"

"ஒண்ணும் போடல. பாதி ஊத்து. சூடு ஆறட்டும். அப்புறம் மீதிய ஊத்து."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா உனுக்குத்தான் ஒரு எடத்துல உக்காந்தா பேஜாராச்சே."

பட்டறையே சிரித்தது. அவர் சொன்னபடி செய்து பார்த்தேன். பாதி ஊற்றிவிட்டு உட்கார்ந்தால் என் கால் தரையில் நிற்காது. ஆறுவதற்குள் மீதியையும் ஊற்றிவிடுவேன். அவரை வைத்துக்கொண்டார்கள். நான் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

இன்றும் எந்த ஊர்ச் செருப்புக் கடையானாலும் அந்தக் கால்களைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு காலாவது அவர் நிரப்பியதாக இருக்க வேண்டும். அதில் ஒரு கொப்புளமாவது இருக்க வேண்டும்.