எங்கள் மாடு தின்ற பருத்திக்கொட்டை

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் எங்கள் வீட்டில் ஒரு கறவை மாடும் உண்டு. அது சினையாக இருந்தபோது, நன்றாகப் பால் கறக்கட்டுமே என்று தினமும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் கொடுத்தேன். கன்று பிறந்த அன்றே செத்துப்போனது.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு வசந்தா, "இப்ப வர்றதெல்லாம் பி.டி. பருத்தியாமே, அக்கா. பூச்சியக் கொல்ற விஷத்த விதைக்குள்ளயே வெச்சிகிறாங்களாம். டிவில பேசிகினு இருந்தாங்க" என்றாள். கொட்டை வாங்கிய புண்ணாக்குக் கடைக்கு ஓடி, அது பி.டி.யா என்று கேட்டேன்.

"கொட்டை மேல எழுதியா ஒட்டிகிறாங்க? லாரில வருது, விக்கிறேன். பேஜார் பண்ணாதீங்கம்மா" என்றார் கடைக்காரர்.

மாட்டு டாக்டரோ, "அதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் அடிச்சி சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாடு ஈன்றால் சீம்பாலைத் தெருவுக்கெல்லாம் கொடுப்பது எங்கள் வழக்கம். வசந்தாவின் மகள் அப்போது பிள்ளைத்தாச்சி. அவளிடம் எந்த வாயால் குடி என்பேன்? கறந்ததையெல்லாம் சாக்கடையில் ஊற்றினேன்.

அதன்பிறகு பருத்திக்கொட்டை வாங்குவதே இல்லை; கடலைப் புண்ணாக்குதான். பால் குறைந்துவிட்டது. வாங்க வருகிறவர்களிடம் மாடு என்ன தின்றது என்று சொல்லிவிட்டுத்தான் அளக்கிறேன். கன்று செத்த கதையையும் மறைப்பதில்லை. அதைக் கேட்டுப் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

நேற்று வசந்தா பாக்கெட் பாலோடு என் வாசலைக் கடந்து போனாள். அந்தப் பாலைக் கறந்த மாடுகள் என்ன தின்றன என்று அவள் கேட்டிருக்க மாட்டாள். கேட்டாலும், சொல்ல அங்கே ஆளில்லை.