சேவைச் செம்மல் மாமா

சமூக சேவைக்காக யாருக்காவது பொன்னாடை போர்த்துகிற படம் வாட்ஸ்அப்பில் வந்தால், எல்லோரும் கைகூப்பி வாழ்த்துப் போடுவார்கள். எனக்கு வயிறு எரியும். எங்கள் மாமாவுக்கும் போர்த்தினார்கள், பதுளையில், பெரிய மண்டபத்தில் வைத்து. நான் அப்போது தரம் நாலில் படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயம் மலை மேட்டில் இருந்தது. ஏறி இறங்கத் தேயிலைக்கு நடுவே ஒரு வழுக்குப் பாதை, அவ்வளவுதான். போன் போட்டால் ஆம்புலன்ஸ் கீழே மெயின் ரோட்டில் வந்து நிற்கும். அதுவரைக்கும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாமாவின் பாடு. கம்பளியை ஒரு கம்பில் தூளி மாதிரி கட்டி, முன்பக்கத்தைத் தன் தோளில் வைத்துக்கொள்வார். பின்பக்கத்துக்கு யாராவது அகப்படுவார்கள். நெஞ்சுவலி, குளவிக்கொட்டு, பிரசவம், எதுவானாலும் மாமாதான்.

மாமாவுக்கும் அத்தைக்கும் முதல் பிள்ளையும் அப்படித்தான், பாதி வழியில், கொட்டுகிற மழையில், அந்தக் கம்பளிக்குள்ளேயே பிறந்தது. பிழைக்கவில்லை. அன்றைக்கும் தூக்கியவர் மாமாதான். அவருக்கு விருது கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அத்தை மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள், ஆறு மாதம்.

லயமே மாமாவைப் பிடித்துக்கொண்டது. அம்மாதான் அதில் முதல் ஆள்.

"பெரிய ஆளுங்க எல்லாம் வாராங்களாம்டா. மேடையில வச்சே ரோட்டைக் கேட்டுடு. அத்தனை பேரு முன்னால இல்லைன்னா சொல்லப் போறாங்க?"

மாமாவுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. டோர்ச் லைட்டை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று பேசிப் பழகினார். அத்தை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "தலையைச் சொறியாம கேளுங்க" என்று திருத்துவாள். அந்த நாட்களில் அத்தை நிறையச் சிரித்தாள்.

மண்டபத்தில் எங்களுக்கு முன் வரிசை. பிரதம அதிதி தாமதமாக வந்தார், அவருக்கு மாலை போட்டு முடிக்கவே நேரம் போதவில்லை. கடைசியில் மாமாவைக் கூப்பிட்டு 'சேவைச் செம்மல்' என்றார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். மாமா இறங்காமல் நின்று மைக்கைக் கேட்டு வாங்கினார். தலையைச் சொறியவில்லை.

"ஐயா, எனக்கு இதெல்லாம் வேணாங்க. எங்க லயத்துக்கு ஒரு ரோட்டுப் போட்டுக் குடுங்க. ஆம்புலன்ஸு மேல வரணுங்க."

பிரதம அதிதி எழுந்து வந்து மாமாவின் தோளில் கை போட்டார். மைக் அவர் கைக்குப் போனது.

"பார்த்தீர்களா இந்த அடக்கத்தை? தனக்கென்று எதுவுமே கேட்கத் தெரியவில்லை! நான் சொல்கிறேன், இந்த மனிதர் இருக்கும்வரை அந்த லயத்துக்கு ஆம்புலன்ஸ் எதற்கு?"

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். அடேயப்பா, எங்கள் மாமாவுக்கா இவ்வளவு என்று நானும் எழுந்து நின்று தட்டினேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடீ."

அவள் முகத்தைப் பார்த்துப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மேடையில் மாமா பொன்னாடையோடு அப்படியே நின்றார். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்ட பிறகு யாரோ முதுகில் கை வைத்து அவரை இறக்கிவிட்டார்கள்.

அந்த ரோடு இன்றைக்கும் வரவில்லை. வெட்கங்கெட்டவர்கள்.

அடுத்த வாரமே அத்தை துணிமணிகளைக் கட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் புறப்பட்டாள். அங்கே அவள் அக்கா வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம். பிள்ளை பிறக்கும்வரை வரமாட்டாளாம். லயத்தில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஊரையே தூக்கிச் சுமக்கிற மனுஷன், பெண்டாட்டிக்கு மட்டும் அவரிடம் நம்பிக்கை இல்லையாமே என்றார்கள். எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமாதான் தூக்கிட்டுப் போவாருல்ல அத்தை? நீங்க எதுக்குப் போறீங்க?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கினார், வழுக்குகிற இடத்தில் எல்லாம் நின்று அவளுக்குக் கை கொடுத்தார். நான் வாசலில் நின்று அத்தையைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

அவளைப் போகச் சொன்னதே மாமாதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.