விஜயதசமியன்று நின்ற ஜெனரேட்டர்

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் திருமுல்கேரியில் எந்தக் கல்யாணத்தில் கரண்ட் போனாலும் என் ஜெனரேட்டர்தான் ஓடும். கார்புரேட்டரைப் பற்றி என்ஜினியர்களுக்கே வகுப்பு எடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

விஜயதசமியன்று என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அரங்கேற்றம். நேரம் பார்த்துக் காலனி ஹாலில் கரண்ட் போனது. "நான் இருக்கும்போது என்ன கவலை?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, சின்ன ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தேன். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு அதற்கு நானே உச்சந்தலையில் பொட்டு வைத்திருந்தேன். நான் வைக்கும் பொட்டு கஞ்சத்தனமாக இருக்காது.

விளக்கு எரிந்தது. பாட்டு வந்தது. பேத்தி வர்ணத்தின் பாதியில் இருக்கும்போது என்ஜின் விக்கி நின்றது.

லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்ற சம்பந்தி, கையில் செல்போன் வெளிச்சத்தோடு வந்தார். "என்ன சம்பந்தி, இன்டர்வெல்லா?"

"கார்புரேட்டர்ல தூசி."

சும்மா கழற்றுவது என் வழக்கமில்லை, விளக்கத்தோடுதான் கழற்றுவேன். "இதோ பாருங்க, காத்து போற குழாய் நடுவுல ஒடுங்குது. ஒடுங்கின இடத்துல காத்து வேகமா ஓடும், கிண்ணத்துல இருக்கிற பெட்ரோலை இந்த ஊசித்துளை வழியா உறிஞ்சிக்கும். கிண்ணத்துல ஒரு மிதவை, நம்ம மொட்டைமாடித் தொட்டியில பந்து இருக்கே, அதே மாதிரி. பெட்ரோல் குறைஞ்சா இறங்கும், வழி திறக்கும்."

"ஹவ், ஹவ்," என்று சம்பந்தி தலையாட்டினார். "லைட் எப்ப வரும்?"

ஊசியால் துளையைக் குத்தி, வாயால் ஊதி மாட்டினேன். ஓடியது. சபையைப் பார்த்து மீசையைத் தடவினேன். தில்லானா தொடங்கியதும் மறுபடி நின்றது.

பேத்தி மேடையை விட்டு இறங்கி வந்தாள். கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது. "தாத்தா, இன்னொரு தரம் நின்னா சலங்கையைக் கழட்டிடுவேன். எனக்கு டான்ஸே நக்கோ, வேணாம்."

கிண்ணத்தைத் திறந்தேன், காய்ந்து கிடந்தது. துளை சுத்தம், மிதவை சுத்தம். என் வித்தை அதோடு தீர்ந்தது.

"ஏங்க, பெட்ரோல் இருக்கா?" என்றாள் என் மனைவி.

"காலையில நானே ரொப்பினேன். நீ போய் உட்காரு."

அவள் போகவில்லை. டேங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது.

மூடியின் நடுவே காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அந்தத் துளையின் மேல்தான் நான் வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது, நடுவில் குங்குமத்தோடு.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்தேன். பொட்டின் நடுவில் குத்தினேன்.

தில்லானா முடிந்து, கைதட்டல் அடங்கி, பேத்தி எல்லார் காலிலும் விழுந்து எழும்வரை என்ஜின் நிற்கவில்லை.

"கடைசியில என்ன கோளாறு சம்பந்தி?"

"காத்து," என்றேன். "அனுபவம் இல்லாதவன் கண்டுபிடிக்க முடியாது."

மனைவி முந்தானையில் விரலிலிருந்த சந்தனத் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.